கூண்டுகள் காலியான பிறகு

கோயம்புத்தூர் டாக்டர் நஞ்சப்பா சாலையில் மத்திய சிறையின் மதில் நீண்டு கிடக்கிறது. அங்கிருந்து பார்க் கேட் ரவுண்டானாவைத் தாண்டி நேரு ஸ்டேடியம் பக்கமாக நடந்தால் வ.உ.சி. பூங்கா வந்துவிடும். அந்தச் சிறையில் வ.உ.சிதம்பரனார் 1908 ஜூலை 9 முதல் 1910 டிசம்பர் 1 வரை கைதியாக இருந்தார். இந்தப் பூங்காவுக்கு நாம் அவர் பெயரை வைத்தோம். வைத்த கையோடு உள்ளே கூண்டுகளைக் கட்டி, மானையும் முதலையையும் குரங்கையும் அடைத்து, அரை நூற்றாண்டுக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல இது. அந்தக் காலத்தில் மாநகரம் என்றால் மிருகக்காட்சி சாலை இருக்க வேண்டும், தேசத்தலைவர் ஒருவர் பெயரில் பூங்கா இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இரண்டும் ஒரே வளாகத்துக்குள் வந்து சேர்ந்தன. சேர்ந்த பிறகு ஊர் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இந்த யோசிக்காமையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு சின்னப் பூங்காவின் வரலாறு பெரும்பாலும் அந்த ஊர் எதையெல்லாம் யோசிக்காமல் விட்டது என்பதன் வரலாறாகவே இருக்கிறது.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு இந்தப் பூங்கா நன்றாகவே தெரியும். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயம்புத்தூருக்கு நாம் சும்மா போவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும், கோர்ட்டு வாய்தா இருக்கிறது, இப்படி ஏதாவது ஒரு வேலையாகத்தான் கிணத்துக்கடவு வழியாக உக்கடத்தில் போய் இறங்குவது வழக்கம். கூட வரும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தத்தான் பூங்கா. "அழுகாம வா சாமி, வேலை முடிஞ்சதும் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று எத்தனையோ அம்மாக்கள் ஜவுளிக்கடை வாசலில் சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கை நிறைவேற்றப் பெரிய செலவு ஆகாது. சிறுவர் ரயிலில் ஒரு சுற்று, மான் கொட்டிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம், முதலை வாயைத் திறக்குமா என்று காத்திருந்து ஏமாறுவது, மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சை சாதம். தெற்கே ஆனைமலையும் ஆழியாறும் இருக்கும் ஊரிலிருந்து மானைப் பார்க்க நகரத்துக்குப் போனோம் என்பது இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் காட்டில் மான் நமக்காகக் காத்து நிற்காது. கூண்டில் நின்றது. அது நிற்பதற்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பது அந்த வயதில் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பெரியவர்களும் சொல்லவில்லை.

விலையை மிருகங்கள் கொடுத்தன. பூங்காவுக்குள் இருந்த மிருகக்காட்சி சாலை ஏறக்குறைய நாலரை ஏக்கர். 1960களின் நடுவிலிருந்து அது நடந்தது. நாலரை ஏக்கர் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு நடுத்தர விவசாயியின் தென்னந்தோப்பு அளவு. அதற்குள் புள்ளிமான், கடமான், குரங்கு, முதலை, பாம்பு, கூழைக்கடா, மயில், கிளி என்று எல்லாவற்றுக்கும் பங்கு பிரித்தாக வேண்டும். கூழைக்கடாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறகை விரித்தால் ஆள் உயரத்தைத் தாண்டும் பறவை. ஏரிக்கு ஏரி பறந்து மீன் தேடுவது அதன் பிழைப்பு. கம்பி வலைக்குள் ஒரு சிமென்ட் தொட்டி ஓரத்தில் அது நிற்கும். கொஞ்ச தூரம் நடக்கும், திரும்பும், மறுபடி அதே தூரம் நடக்கும். வெளியே நின்ற பிள்ளைகள் அதன் அலகுப் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்ததில் தப்பில்லை. அந்தப் பறவை ஏன் பறக்கவில்லை என்று கேட்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் அடுத்த கூண்டைக் காட்டினோம்.

சட்டம் மெதுவாக வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991இல் அதைத் திருத்தி, அங்கீகாரம் இல்லாமல் யாரும் மிருகக்காட்சி சாலை நடத்தக் கூடாது என்றார்கள். 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. அதன் பிறகும் முப்பது வருடம் வ.உ.சி. பூங்காவின் கூண்டுகள் அப்படியே இருந்தன. 2022 ஜனவரியில்தான் ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. காரணம் இடப் பற்றாக்குறை. நாலரை ஏக்கர் போதாது என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். அதைக் காகிதத்தில் எழுத இத்தனை காலம் ஆனது. பிறகு மிருகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. சில வண்டலூருக்குப் போயின. புள்ளிமான்களைச் சிறுவாணிக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கொட்டிலிலேயே பிறந்து, ஆள் போடும் தீவனத்தில் வளர்ந்த மானை ஒரே நாளில் காட்டில் இறக்கிவிட முடியாது. காட்டுத் தழைக்கு வாய் பழக வேண்டும், நோய் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அடைத்து வைத்ததைத் திறந்துவிடுவதும் இத்தனை நாள் பிடிக்கிற வேலைதான் என்பதை அந்த மான்கள் நமக்குக் காட்டிவிட்டுப் போயின.

இனி பூங்காவின் பெயருக்கு உரியவரிடம் வருவோம்.

கோயம்புத்தூர் மத்திய சிறை கட்டப்பட்டது 1872இல். ஒட்டப்பிடாரத்தில் சிதம்பரம் பிள்ளை பிறந்ததும் அதே வருடம், செப்டம்பர் 5. வக்கீல் தொழில் செய்தவர். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த வருடம் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றே அனுபவித்து வந்த வழியில் இந்தியர் பணத்தில் வாங்கிய கப்பல் ஓடியது. 1908இன் தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். சம்பள உயர்வும் வார விடுமுறையும் கேட்ட வேலைநிறுத்தம் அது. மார்ச் 12ஆம் தேதி சுப்பிரமணிய சிவாவோடு சேர்த்து அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி எழுந்தது. கடைகள் மூடின, அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது என்றாலும், முதலில் அது வாசிக்கப்பட்ட நாளில் அந்த வீட்டார் எப்படித் தாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவர் கோயம்புத்தூர்ச் சிறைக்குள் இருந்தார்.

முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்ற விட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு செக்கு. இதையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் செய்யுளாக எழுதி வைத்திருக்கிறார். யாரும் ஊதிப் பெருக்கிய கதை அல்ல.

செக்கு என்றால் என்ன என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொப்பரைக்கும் கடலைக்கும் எள்ளுக்கும் பேர்போன பூமி இது. கல் உரல், அதற்குள் சாய்ந்து நிற்கும் உலக்கை, உலக்கையின் தலையோடு பிணைத்த நீள மரம், அந்த மரத்தின் மேல் பாரத்துக்குக் கல். மரத்தின் நுனியில் மாட்டைக் கட்டி உரலைச் சுற்றி ஓட்டுவார்கள். உலக்கை உரலின் உட்சுவரை அழுத்திக்கொண்டே சுழலும். எண்ணெய் வர நேரம் பிடிக்கும். வந்த பிறகு புண்ணாக்கை வழித்து எடுத்துவிட்டு அடுத்த ஈடு போட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வயதான செக்குக்காரர் ஒருவரிடம், மாட்டின் கண்ணை ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "கட்டாட்டி அதுக்குத் தலை சுத்துமுங்க. போன பக்கமே மறுபடி மறுபடி போறோம்னு அதுக்குத் தெரியக் கூடாதுங்க" என்றார். மாட்டுக்குக் காட்டிய அந்த இரக்கம் மனிதருக்குக் காட்டப்படவில்லை. சிதம்பரனாரின் கண் திறந்திருந்தது. சுற்றுவது ஒரே வட்டம் என்று ஒவ்வொரு சுற்றிலும் அவருக்குத் தெரியும். வெயிலில், வழக்கறிஞராக இருந்த மனிதர், கப்பல் கம்பெனிக்குத் துணைச் செயலாளராக இருந்த மனிதர், மாடு நிற்க வேண்டிய இடத்தில் நின்று இழுத்தார்.

அவர் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார், பின்னாளில் பெரியபுராணத்துக்குப் பேருரை எழுதியவர், சிறைக்குப் போய் அவரைப் பார்த்து வந்தார், வேண்டிய உதவிகளைச் செய்தார். அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளான கைதியைப் போய்ப் பார்ப்பது ஒரு வக்கீலின் பிழைப்புக்கு நல்லதல்ல. அந்த நாளில் அதைச் செய்த மனிதர் இந்த ஊரில் இருந்தார். பூங்காவின் பெயரில் கோயம்புத்தூருக்கு ஏதாவது பெருமை உண்டென்றால் அது இந்த மனிதரால்தான் வருகிறது. செக்கு இழுக்க வைத்த சிறை இங்கே இருந்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சிறையின் நினைவு வ.உ.சி.யோடு முடிந்துவிடவில்லை. 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரும் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். சுதந்திரம் வர ஒன்றரை வருடம்தான் இருந்தது. தொழிலாளி பக்கம் நின்றவர் செக்கிழுத்த சிறையில் தொழிலாளிகளே தூக்கில் ஏறினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் வைக்கும் காலம் வந்தது. எல்லா ஊரிலும் இது நடந்தது. சாலைக்கு ஒரு தலைவர், சந்தைக்கு ஒரு தலைவர், பூங்காவுக்கு ஒரு தலைவர். கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்கா இருக்கிறது, ஆர்.எஸ். புரம் பக்கம் காந்தி பார்க் இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடிதப் போக்குவரத்து உண்டு. கோயம்புத்தூரிலிருந்து வேறு சிறைக்கு மாற்றப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்த சிதம்பரனாரிடம் வக்கீல் சன்னது இல்லை, கப்பல் கம்பெனி கலைந்துவிட்டது, சொந்த ஜில்லாவுக்குப் போக முடியாத நிலை. சென்னையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு வறுமையில் வாடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு அவர் எழுதினார், காந்தி பதில் எழுதினார், கணக்கு தெரியவில்லை என்றார், மறுபடி இவர் எழுதினார். 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது, கஷ்டப்பட்டவன் தனக்கு வர வேண்டியதைக் கேட்பதற்குக்கூட எவ்வளவு கூச வேண்டியிருக்கிறது என்பது நெஞ்சை அறுக்கிறது. பின்னாளில் சில காலம் அவர் இதே கோயம்புத்தூரில் குடியிருந்து தொழிலாளர் சங்க வேலை செய்தார். தாம் செக்கிழுத்த சிறையின் மதிலைக் கடந்து அவர் எத்தனை தடவை நடந்திருப்பார்! 1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் கண் மூடினார்.

கோயம்புத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று சொல்வது நமக்குப் பழக்கம். அசல் மான்செஸ்டரில் 1846 ஆகஸ்டில் பிலிப்ஸ் பார்க், குவீன்ஸ் பார்க் என்று இரண்டு பொதுப் பூங்காக்களையும், ஒட்டியிருந்த சால்ஃபோர்டில் பீல் பார்க்கையும் ஒரே நாளில் திறந்தார்கள். ஊரார் சந்தா போட்டுச் சேர்த்த பணம். மில் புகையில் கிடந்த தொழிலாளி ஞாயிற்றுக்கிழமையாவது நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்பது நோக்கம். காசில்லாமல் உள்ளே போகலாம் என்பதுதான் அன்றைக்கு அதில் புதுமை. பிரபுக்களின் தோட்டங்கள் அதற்கு முன்னாலும் இருந்தன, மதிலுக்கு உள்ளே. நம் மான்செஸ்டரில் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1888இல் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. மில் வந்தது, சங்கு வந்தது, மூன்று ஷிப்ட் வந்தது. தொழிலாளி உட்கார மரத்தடி மட்டும் ரொம்ப தாமதமாக வந்தது. வந்தபோதும் அதில் ஒரு பகுதியைக் கூண்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

ஆனாலும் அந்த மிச்சமிருந்த மரத்தடி நிறையப் பேருக்கு உதவியது. ஒரு வார நாளின் மத்தியானத்தில் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இன்டர்வியூவுக்கு வந்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன், காலில் செருப்பு கடித்த இடத்தைத் தடவிக்கொண்டு. கோர்ட்டில் தேதி தள்ளிப்போன குடும்பம், பேசாமல். வேலையை விட்டு நின்ற பிறகும் வீட்டில் பகல் முழுக்க இருக்கப் பிடிக்காத பெரியவர். காதலிக்கிறவர்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து வாழைத்தாரோடு வந்து விற்றுவிட்டு வெயில் தாழட்டும் என்று படுத்துக் கிடப்பவர். இவர்களில் யாருக்கும் ஒரு காபி வாங்கிக்கொண்டு ஏ.சி. கடையில் ஒரு மணி நேரம் உட்காரக் காசோ மனசோ இல்லை. நகரத்தில் காசு கொடுக்காமல், யார் நீ என்று கேட்கப்படாமல் உட்கார்ந்திருக்க இடம் மிகக் குறைவு. கோயிலில் நடை சாத்துவார்கள். பஸ் நிலையத்தில் விசில் ஊதுவார்கள். பூங்கா பெஞ்சில்தான் ஒரு மனிதன் எதுவும் வாங்காமல், எதுவும் விற்காமல், எதையும் வேண்டிக்கொள்ளாமல் இருக்கலாம். பெரிய திட்டங்களின் அறிக்கைகளில் இந்த உபயோகத்துக்கு ஒரு வரி கிடைப்பதில்லை.

அதனால்தான் பூங்காவை விழுங்குவது சுலபமாகிவிடுகிறது. சும்மா கிடக்கிற இடம்தானே என்று சொல்லிவிடலாம். சென்னையில் மக்கள் பூங்கா என்று ஒன்று இருந்தது. கவர்னர் ட்ரெவெல்யன் காலத்தில் 1859 வாக்கில் உருவானது, 116 ஏக்கர். குளங்கள் இருந்தன, மிருகக்காட்சி சாலை இருந்தது. 1888 வாக்கில் அதில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட். 1913இல் மாநகராட்சிக்கே ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம். 1985இல் மூர் மார்க்கெட் தீயில் போனது. அதே வருடம் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்து மிருகங்கள் அங்கே போய்விட்டன. மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நியாயமான காரணம் இருந்தது. மண்டபம் வேண்டாமா, மார்க்கெட் வேண்டாமா, மாநகராட்சிக்கு அலுவலகம் வேண்டாமா? நூறு வருடம் நியாயமான காரணங்களைக் கேட்டுக்கேட்டு அந்தப் பூங்கா இல்லாமல் போனது. இன்றைக்கு அங்கே இருக்கிற ரயில் நிலையங்களின் பெயரில் 'பார்க்' இருக்கிறது.

கொங்கு நாட்டில் இதன் சின்ன வடிவத்தை ஒவ்வொரு லே-அவுட்டிலும் பார்க்கலாம். மனைப்பிரிவு போடும்போது பொது உபயோகத்துக்கு என்று ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். 'ரிசர்வ் சைட்' என்று எல்லோரும் சொல்லும் இடம் அதுதான். பெரிய மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கு. வரைபடத்தில் அதற்குப் பச்சை வர்ணம் அடித்திருப்பார்கள். மனை விற்கும்வரை புரோக்கர் அதைக் கை நீட்டிக் காட்டுவார்: "இங்கதானுங்க பார்க்கு வருது." விற்று முடிந்ததும் அங்கே சீமைக்கருவேலம் வரும். பிறகு யாராவது கட்டட மிச்சத்தைக் கொட்டுவார்கள். பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஒரு ரிசர்வ் சைட்டில் முதலில் கல் ஒன்றை நட்டு மஞ்சள் பூசினார்கள். அடுத்த வருடம் தகரக் கூரை போட்டார்கள். அதற்கடுத்து உண்டியல் வந்தது. இப்போது அந்த இடத்தைப் பூங்கா என்று சொன்னால் சாமிக்கு எதிரி என்பார்கள். தெய்வத்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த வீதிப் பிள்ளைகள் ரோட்டில் பந்து விளையாடி லாரிக்கு ஒதுங்குவதைப் பார்க்கிறபோது, எந்தத் தெய்வமும் அவர்களுடைய இடத்தில் குடியேற விரும்பியிருக்காது என்றும் நம்புகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகளைப் பாதுகாக்க 1959இலேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அந்தப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மருத்துவமனை நல்ல காரியம்தான், ஆனால் பூங்காவின் இடத்தில் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குடியிருக்கும் சாதாரண மனிதர்கள் வழக்குப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் சட்டம் தானாக எழுந்து நடந்திருக்காது.

இப்போது கோயம்புத்தூரில் எதிர்த்திசையில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. 2010இல் செம்மொழி மாநாடு நடந்தபோது, மத்திய சிறையின் நிலத்தில் செம்மொழிப் பூங்கா அமைப்போம் என்று அறிவித்தார்கள். பதிமூன்று வருடம் கழித்து 2023 டிசம்பரில் அடிக்கல் வைத்து, 2025 நவம்பரில் திறந்தார்கள். சிறைக்குச் சொந்தமான நிலத்தில் நாற்பத்தைந்து ஏக்கர் பூங்காவாகிவிட்டது. சிறையையே பிளிச்சிக்கு மாற்றும் ஏற்பாடும் நடக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். நகரத்தின் நடுவில், தரையின் விலை கேட்டால் மயக்கம் வரும் இடத்தில், இத்தனை ஏக்கரை மரத்துக்குக் கொடுப்பது சின்னக் காரியம் அல்ல. மதிலுக்கு உள்ளே இருந்த மண்ணில் குழந்தைகள் ஓடுவது நல்லது.

வரவேற்பவனுக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. புதிய பூங்கா வந்ததும் பழையதை மறந்துவிடுவோமா? புதியதற்குச் செடி, நீரூற்று, விளக்கு எல்லாம் கிடைக்கும். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் வ.உ.சி. பூங்காவின் காலிக் கூண்டுகளை என்ன செய்யப் போகிறோம்? பறவைகளை மட்டும் வைத்துக் கூடம் அமைக்கலாம் என்ற பேச்சு மாநகராட்சியில் இருந்திருக்கிறது. ரொம்ப யோசித்துப் பார்த்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நாலரை ஏக்கரில் மறுபடியும் எந்த உயிரையும் கம்பிக்குப் பின்னால் வைக்க வேண்டாம். வேறெந்தப் பூங்காவாக இருந்தாலும் வாதம் செய்யலாம். இந்தப் பெயரைத் தாங்கிய பூங்காவில் வேண்டாம். கூண்டுகளைப் பிரித்துப் போட்டுவிட்டு அங்கே மரம் நட்டால் போதும். மரம் பறவையைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும். ஒரு கூண்டை மட்டும் கதவைத் திறந்துவைத்து அப்படியே விடலாம். பிள்ளைகள் உள்ளே போய் நின்று, எவ்வளவு இடம் என்று தங்கள் கையை விரித்து அளந்து பார்க்கட்டும்.

செக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வ.உ.சி. இழுத்த செக்கு கோயம்புத்தூர்ச் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. பிறந்தநாளில் மாலை போடுகிறார்கள். சிறை இடம் மாறும்போது அது எங்கே போகும்? பிளிச்சியில் கொண்டுபோய் வைத்தால் அது வெறும் கல். சென்னைக்குக் கொண்டுபோனாலும் அப்படித்தான். அது இருந்த மண்ணிலேயே, பிறந்தநாள் என்றில்லாமல் எந்த நாளும், அனுமதிச் சீட்டும் அதிகாரியின் கையெழுத்தும் இல்லாமல், எந்தக் குழந்தையும் போய்த் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கல்வெட்டு, புரிகிற தமிழில்: யார் இழுத்தார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன குற்றத்துக்காக. சின்னியம்பாளையத்து நால்வரின் பெயரும் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு நடைபாதை வ.உ.சி. பூங்காவரை நிழலோடு போகலாம். அதற்கு நூறு கோடி தேவைப்படாது.

மாநகராட்சிக்கு இதை எழுதிக் கேட்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து எழுதினால் எடுபடுமா என்று நினைக்க வேண்டாம். அந்தப் பூங்காவில் டிக்கெட் வாங்கியவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு. கூடவே, உங்கள் வீதியின் ரிசர்வ் சைட் எது என்று இந்த வாரமே நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு வரைபடத்தைப் பாருங்கள். அந்தப் பச்சை வர்ணம் அடித்த இடம் இன்னும் காலியாக இருந்தால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வேலி போடச் சொல்லுங்கள். காலியாக இல்லாவிட்டால் மனு கொடுங்கள்.